வெள்ளாவியில் சுருங்கிய கோட்டுகள்

குரும்பகரத்தில் யார் வீட்டுக் கொல்லைக் கதவையும் குரல் கொடுக்காமல் திறக்கும் உரிமை வடிவாம்பாள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் எங்கள் ஊருக்கு வெளுப்பவள். வரிச்சிக்குடியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் முத்தையன் சாது. மூட்டை தூக்குவது, வெள்ளாவி வைப்பது, வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவது, வம்பு வந்தால் வாய் கொடுப்பது எல்லாம் இவள்தான். நல்ல உயரம். வெற்றிலை போடாத வாயோடு அவளைப் பார்த்தவர்கள் கிடையாது.

அழுக்குத் துணியைப் பிரித்துப் பார்த்தே ஒரு வீட்டு நடப்பைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, "என்னம்மா, போன தடவை வேட்டியெல்லாம் வஞ்சிர மீன் வாசம் அடிச்சுது, இந்தத் தடவை கருவாடு அடிக்குது, பெரியய்யாவுக்கும் கஷ்டகாலம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். பெரியய்யா என்பது பூமிநாதன். ஊரில் நிலபுலன் அதிகம் உள்ளவர், ஊருக்காகப் பேசுகிறவரும் அவர்தான். உள்ளே உட்கார்ந்திருந்த அவரே சிரித்துவிட்டாராம்.

அவளிடம் இன்னொரு பொறுப்பும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிகிற வரைக்கும் தன் வீட்டுத் துணியை உடுத்தமாட்டாள். வடிவாம்பாள் கொண்டுவந்து கொடுக்கும் துணியைத்தான் உடுத்துவாள். மாத்து என்று அதற்குப் பெயர். அந்தத் துணி யாருடையது என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். அடுத்த தெருக்காரி வெளுக்கப் போட்ட புடவையாகவே இருக்கும். ஆனாலும் வடிவாம்பாள் கையால் வந்துவிட்டால் அது சுத்தம். "வெள்ளாவி ஏறி இறங்கின துணிக்கு முன்னே கட்டின ஆளு கெடையாதும்மா" என்பாள். ஊர் அதை நம்பியது. அந்த நம்பிக்கையே அவளை ஒருநாள் சிறைக்கு அனுப்பப் பார்த்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம் அடித்த புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. விடிந்து பார்த்தபோது தெருவைத் தெரியவில்லை. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்தன. கூரைகள் வயலில் மிதந்தன. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது. பெட்டியும் மூட்டையும் போனதால் பாதி ஊருக்கு இடுப்பில் கட்டியிருந்ததுதான் துணி. ஈரம் காய்வதற்குள் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. மார்கழி பிறந்தபோது குழந்தைகள் எல்லாம் குளிர்க் காய்ச்சலில் கிடந்தார்கள்.

அந்தச் சமயத்தில் காரைக்காலில் ஒரு தர்ம சங்கம் இருந்தது. பிரெஞ்சுச் சீமையிலுள்ள பெண்மணிகள் சேர்ந்து நடத்திய சங்கம். அவர்கள் அரிசி அனுப்பினார்கள். அந்த அரிசியில்தான் ஊர் உயிர் பிழைத்தது, அதை மறந்து பேசினால் ஈஸ்வரனுக்கே அடுக்காது. சங்கத்தின் சார்பாக வந்து போனவர் சோமசேகரன் என்கிற உத்தியோகஸ்தர். பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர், வெள்ளைக் கால்சட்டை போட்டவர். அரிசி வந்த வண்டிகளுக்குப் பின்னால் ஒருநாள் வேறு இரண்டு வண்டிகள் வந்தன. சாக்குத் துணியில் இறுக்கித் தைத்த பெரிய பெரிய பொதிகள். உடுத்தத் துணியில்லாமல் ஜனங்கள் குளிரில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்தப் பெண்மணிகள் அனுப்பிய துணி என்றார் சோமசேகரன். பொதிகளைக் கோயில் மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் காரைக்கால் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஊரே மண்டபத்தில் கூடியது. பொதியைப் பிரித்தார்கள்.

உள்ளே இருந்தவை கோட்டுகள். கம்பளிக் கோட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளம். கறுப்பு, சாம்பல், பழுப்பு. நங்கூரம் பொறித்த பெரிய பித்தளைப் பொத்தான்கள் வைத்த கோட்டும் சில இருந்தன. புடவை என்று ஒன்று இல்லை, வேட்டி என்று ஒன்று இல்லை. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி நாற்று வைக்கிற ஊருக்கு வந்திருந்தது இது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். காசியம்மா ஒரு கோட்டை எடுத்து உதறினாள். பையிலிருந்து கசங்கிய கைக்குட்டை ஒன்று விழுந்தது. மூக்குச் சிந்திய கைக்குட்டை. அப்போதுதான் இவை யாரோ உடுத்திக் கழித்தவை என்று ஊருக்கு உறைத்தது. காசியம்மா கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள்.

"நள்ளாத்துக் கொளத்துல அவுத்துப் போட்டாப்புல இருக்கேடி இது" என்றாள் மெதுவாக.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். எங்களுக்கு நடை தூரத்தில் திருநள்ளாறு. சனி தோஷம் உள்ளவர்கள் அங்கே குளத்தில் முழுகி எழுந்து, உடுத்தியிருந்த பழைய துணியை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு சனியும் கழிந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்தத் துணியைக் கையால் தொடுவதற்குக்கூட எங்கள் ஜனங்கள் அஞ்சுவார்கள். தொட்டால் விட்டவருடைய பீடை தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கப்பல் நிறைய அவுத்துப்போட்ட துணி வந்து இறங்கியிருக்கிறது. பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கிற வீட்டில் எவள் அதைக் கொண்டுபோய் வைப்பாள்? கூட்டம் பின்னுக்கு நகர்ந்தது.

வேண்டாம் என்று சொல்லவும் பயம். அரிசியும் அந்தக் கையிலிருந்துதான் வருகிறது. கொடுத்ததைத் திருப்பினால் அதுவும் நின்றுபோகும் என்று பூமிநாதன் எண்ணினார். அடுத்த வாரம் சோமசேகரன் அரிசி வண்டியோடு வந்தபோது, கோட்டுகள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன, எல்லாரும் உடுத்திக்கொண்டார்கள், ஊருக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டார். பொதிகள் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே கிடந்தன.

இதைத் தீர்க்க முன்வந்தவள் வடிவாம்பாள்தான். அவளுக்கும் துணியில்லை. ஊரில் வெளுக்கத் துணி இல்லாததால் அவள் வீட்டில் அடுப்பும் சரியாக எரியவில்லை. பண்ணை வீட்டு மருமகள் அன்னபூரணிக்கு அப்போதுதான் தலைச்சன் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மாத்து கொடுக்கப் போனவள், ஒழுகுகிற அறையில் குழந்தை நீலம் பாரித்து நடுங்குவதைப் பார்த்தாள். நேரே பூமிநாதனிடம் போனாள்.

"பெரியய்யா, அந்தத் துணியை எங்கிட்ட விடுங்க. வெள்ளாவி வச்சு எடுத்து எங்கையால மாத்தாக் குடுக்கறேன். சனியாவது ஒண்ணாவது, என் ஆவியில நிக்குமா? மாத்துன்னு வந்தா வேணாம்னு யாரு சொல்லுவா?"

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஊருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல ஆயிற்று. கொட்டிலிலிருந்து அவற்றை அவளும் முத்தையனும் சுமந்துபோனார்கள். வேறு யாரும் கை கொடுக்கவில்லை.

அவள் தன் ஆயுளில் வெளுத்ததெல்லாம் பருத்தி. பருத்தியை எப்படிச் செய்வாளோ அப்படியே இதையும் செய்தாள். உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டாள். பெரிய பானையின் வாயைச் சுற்றிக் கோட்டுகளைக் கோபுரம்போல அடுக்கினாள். அடியில் தீ மூட்டி, ஆவி மேலே கிளம்பும் வரைக்கும் விடாமல் எரித்தாள். காய்ந்த விறகு கிடைக்காத காலம், தன் குடிசையில் மிச்சமிருந்த மூங்கிலைப் பிடுங்கி எரித்தாள். விடிந்ததும் வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்தாள். பனியனும் வேட்டியும் அடித்துப் பழகிய கைக்கு அந்தக் கனம் புதிது. அடித்துப் பிழிந்து கரையில் விரித்தாள்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. துணி காயக் காய வடிவாம்பாளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று பட்டிருக்கிறது. முத்தையனைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கிய கோட்டு ஒரு முழத்துக்கு வந்து நின்றது. கை நுழைகிற இடத்தில் வளர்ந்த ஆள் கை நுழையாது. துணி பலகைபோலத் தடித்துவிட்டது. ஒன்று தப்பவில்லை, எல்லாம் அப்படி. பொத்தான்கள் மட்டும் முன்பிருந்த அளவிலேயே, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

வடிவாம்பாள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று துணியைப் பார்த்துக் கேட்டாளாம். கடைசியில், சனி உண்மையாகவே அதில் இருந்திருக்கிறது, ஆவியில் சிக்கித் துணியையே தின்றுவிட்டது என்று நம்பினாள். முத்தையனும் நம்பினார். ஆனால் அவளுக்கு அந்தக் குழந்தையின் ஞாபகம் போகவில்லை. தடித்துப்போன கோட்டில் ஒன்றை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. தின்ற சனி ஆவியோடு போயிருக்க வேண்டும் என்று கன்னியம்மனை வேண்டிக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தாள். அன்னபூரணியும் மாத்து என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை அதில் சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. குழந்தை பால் குடித்தது.

அவள் வெளியே வந்தபோது தெருவில் ஒரு மோட்டார் வண்டி நின்றது.

சோமசேகரன் வந்திருந்தார். கூட ஒரு வெள்ளைக்கார அம்மாள், நரைத்த தலை, கழுத்தில் காமிரா. சீமையில் துணி கொடுத்தவர்கள் தங்கள் கோட்டுகளை உடுத்திய ஜனங்களைப் படத்தில் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். அதனால் இந்த மதாம் படம் எடுக்க வந்திருக்கிறார், எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள் என்றார் சோமசேகரன். கூட ஒரு சிப்பாயும் வந்திருந்தான்.

எவர் உடம்பிலும் கோட்டு இல்லை. எல்லாருடைய கண்ணும் பூமிநாதன் மேல் போயிற்று. அவர் கண் வடிவாம்பாள் மேல் போயிற்று. வெளுக்கப் போட்டிருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாய்க்கால் கரைக்குப் போனார்கள். சோமசேகரன் ஒரு குட்டிக் கோட்டைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பெரிய கோட்டெல்லாம் எங்க? எத்தினி எல்லை தாண்டிப் போச்சு, சொல்லு."

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளினால் இந்திய எல்லை. நடுவில் சுங்கச் சாவடி. பிரெஞ்சுப் பக்கத்துச் சீமைச் சாமான் அந்தப் பக்கம் போனால் நல்ல விலை, அதனால் கடத்தல் ஓயாமல் நடந்தது. வடிவாம்பாளுக்கு அந்தப் பக்கத்திலும் வெளுக்கிற வீடுகள் உண்டு. மூட்டையோடு தினமும் சாவடியைத் தாண்டுகிறவள் அவள். பெரிய கோட்டுகளை விற்றுவிட்டு எங்கிருந்தோ பொம்மைத் துணி வாங்கிப் போட்டு ஏமாற்றுகிறாள் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"ஐயா, இதுதான் அது. வெள்ளாவில வச்சேன், சுருங்கிடுச்சு" என்றாள்.

"நான் காதுல பூ வச்சிருக்கேனா? துணி சுருங்கும், இப்புடியா சுருங்கும்? ஊரே உடுத்திக்கிட்டுதுன்னு இவரு சொன்னாரு. உடுத்திக்கிட்டு இருந்தவங்க ஒடம்புலேருந்து உருவிக்கிட்டுப் போய் வித்தியா?"

அவள் பூமிநாதனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஊர் உடுத்தவில்லை, ஊர் பயந்தது, நான்தான் வெளுக்கக் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் போதும். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தார். காசியம்மா காலால் மண்ணைக் கீறினாள். எந்த ஊருக்கு அவள் பிறப்புத் துணியும் சாவுத் துணியும் வெளுத்தாளோ அந்த ஊர் வாய் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் அந்த நிமிஷத்தை என்னால் நம்ப முடியவில்லை.

சோமசேகரன் சிப்பாயைப் பார்த்துத் தலையசைத்தார். காரைக்காலுக்குக் கொண்டுபோய் வைத்து விசாரித்தால் தானாகச் சொல்லுவாள் என்றார். முத்தையன் அவர் காலில் விழுந்தார். சிப்பாய் வடிவாம்பாள் கையைப் பிடித்தான். அவள் அழவில்லை. அத்தனை வாயாடிக்கு அன்று வாய் வரவில்லை.

அப்போது பின்னால் கூட்டம் சரசரவென்று விலகியது. தொட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கிய விலகல் அது. பண்ணை வீட்டுக் கொல்லையிலிருந்து அன்னபூரணி வந்துகொண்டிருந்தாள். தீட்டுக் கழியாத பச்சை உடம்புக்காரி, மாத்துப் புடவையோடு, பகல் வெளிச்சத்தில், மாமனார் நிற்கிற இடத்துக்கு. எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்ததில்லை. கையில் குழந்தை. குழந்தையைச் சுற்றி அந்தக் கோட்டு.

"அவ கையை விடுங்க" என்றாள் சிப்பாயிடம். பிறகு சோமசேகரனிடம் திரும்பினாள். "இது நீங்க கொண்டாந்த துணிதான். ஊருல யாரும் உடுத்தலை. சனியன் புடிச்ச துணின்னு மாட்டுக் கொட்டாயில போட்டு வச்சாங்க. எங்க மாமாதான் உங்கள்ட்ட மாத்திச் சொன்னாரு, அரிசி நின்னுடுமேன்னு. இவ ஒருத்திதான் அதைத் தொட்டா."

"அன்னம், உள்ள போ" என்றார் பூமிநாதன்.

"நீங்க சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன் மாமா."

அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் அவர் குழந்தையை நோக்கி நடந்தார். தீட்டு என்று யாரோ சொன்னது அவர் காதில் ஏறவில்லை. குனிந்து கோட்டைத் தொட்டார். பொத்தானைத் தடவினார். குழந்தையின் மோவாய்க்குக் கீழே ஒரு நங்கூரப் பொத்தான், அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று. குழந்தைக் கோட்டில் எவன் அவ்வளவு பெரிய பொத்தான் வைப்பான்? அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கரையில் கிடந்த கோட்டுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். அடுப்பையும் பானையையும் பார்த்தார். பிறகு சோமசேகரனிடம் படபடவென்று ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சோமசேகரன் எங்கள் பக்கம் திரும்பினார். இது ஆட்டு ரோமத்தில் நெய்தது, சுடுதண்ணீர் பட்டால் இப்படித்தான் ஆகும், மதாம் கல்யாணமான புதிதில் தன் புருஷனுடைய கோட்டை இதேபோலக் கெடுத்திருக்கிறாராம் என்றார். சிப்பாய் கையை விட்டான்.

அம்மாள் வடிவாம்பாள் முன்னால் போய் நின்று ஒன்று கேட்டார். சோமசேகரன் அதைத் தமிழில் சொன்னார்: "நாங்க வேற என்ன அனுப்பியிருக்கணும்னு கேக்குறாங்க."

யாரும் அவளிடம் அதுவரை அப்படி ஒன்று கேட்டதில்லை. வடிவாம்பாள் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தாள். முத்தையனைத் தூக்கி நிறுத்தி, அவர் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டுக் குடிசைக்குப் போய்விட்டாள்.

படம் எடுத்தார்கள். குட்டிக் கோட்டுகளை ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். பண்ணை வீட்டுக் குழந்தையே உடுத்தியதைப் பார்த்த பிறகு யாருக்கும் பயமில்லை. அந்த மார்கழியில் பிள்ளைகள் குளிர் தாங்கினார்கள் என்பது உண்மை. மறு வருஷம் அதே சங்கத்திலிருந்து முன்னதைப்போல இரண்டு பங்கு கம்பளிக் கோட்டு வந்து இறங்கியதும் உண்மை. படத்தில் பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்து மனம் குளிர்ந்து அனுப்பினார்களாம். வடிவாம்பாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. அவை கொட்டிலிலேயே கிடந்து எலிக்கு இரையாயின.

அவள் அதன்பிறகும் ஊருக்கு வெளுத்தாள். ஆனால் கொல்லைக் கதவை முன்போலத் திறக்கவில்லை. வெளியே நின்று குரல் கொடுத்தாள். கறையைப் பார்த்துக் கேலி பேசுவதையும் விட்டுவிட்டாள். பூமிநாதன் வேட்டிகளைக் குறையில்லாமல் வெளுத்துக் கொடுத்தாள், அவரோடு மட்டும் பேசவில்லை.

பிரெஞ்சுக்காரன் போனான். சாவடியும் போயிற்று. ஐம்பத்தைந்தில் மறுபடி புயல், மறுபடி வெள்ளம். இந்த முறை அமெரிக்காக்காரன் கொடுத்தது என்று பால் மாவும் கோதுமையும் வந்தன. கூடவே சாக்கில் தைத்த பொதிகளும் வந்தன. பிரித்தால் உள்ளே பழைய கோட்டும் கால்சட்டையும். கொண்டுவந்த இளம் அதிகாரி மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊர் பழைய வழக்கப்படி பேசாமல் நின்றது. காசியம்மா ஓடிப்போய் வடிவாம்பாளைக் கூட்டி வந்தாள், வெள்ளாவி வைத்து மாத்தாகக் கொடுத்துவிடு என்று.

வடிவாம்பாள் பொதியைத் தொடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்தாள்.

"இது வேணாங்கறவங்க மொதல்ல அந்த ஐயாகிட்ட வேணாம்னு வாயால சொல்லிட்டு வாங்க. அப்பறம் நான் தொடறேன்."

யாரும் அசையவில்லை. அன்றைக்கு வாய்க்கால் கரையில் இருந்த அதே மௌனம்.

பூமிநாதன் அதற்குள் கிழவராகிவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அந்த அதிகாரியிடம் நடந்து போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தம்பி, இந்தத் துணி எங்களுக்கு ஆவாது. போன தடவை ஆவும்னு நான்தான் பொய் சொன்னேன். அதால ஒரு பொம்பளை சிறைக்குப் போக இருந்தா. எங்களுக்கு நாலு முழ வேட்டியும் நூல் புடவையும் வேணும். கெடைச்சாப் பாருங்க."

அரிசி நின்றுபோகும் என்று நாங்கள் நடுங்கியதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. "இதை யாருமே எங்கள்ட்ட சொல்லலையே" என்றார். பொதிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டார். சித்திரையில் கைத்தறி வேட்டியும் புடவையும் வந்தன. கேட்டதில் பாதிதான் வந்தது.

அந்த வாரம் பண்ணை வீட்டுக் கொல்லைக் கதவு குரல் இல்லாமல் திறந்தது. வடிவாம்பாள் அழுக்கு மூட்டையைப் பிரித்தாள். ஒரு வேட்டியை முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க பெரியய்யா, இன்னும் கருவாடுதானா?" என்றாள்.